லத்தியும் சாணியும்: செம்பனை நாட்டில் இரு மேய்ச்சல்கள்

குதிரை வைத்திருப்பவரைக் கேட்டால் லத்தியை அன்றாடம் அள்ள வேண்டும் என்பார். செம்பனைக்குள் மாடு ஓட்டுகிறவரைக் கேட்டால், அள்ளுவதா, கிடந்தால் மரத்துக்கு உரந்தானே என்று சிரிப்பார். இருவர் சொல்வதும் சரி. ஒன்று மேட்டுக்குடி விலங்கு, மற்றது ஏழையின் விலங்கு. அதனால்தான் கவனிப்பில் இந்த வேறுபாடு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேய்ந்த இடத்துக்கு விலங்கு எத்தனை நாள் கழித்துத் திரும்பி வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஜோகூரின் குளுவாங் மாவட்டத்தில் உள்ள லாயாங் லாயாங் செம்பனை நாடு. செம்பனை இனப்பெருக்க ஆய்வில் அடிக்கடி அடிபடும் உலு ரெமிஸ் இந்த வட்டாரத்துத் தோட்டம்தான். இங்கே மாடு புதிதல்ல. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் லயன் வீட்டுக்குப் பின்னால் கட்டி வளர்த்த மாடுகளின் வழிவந்த இனத்தை மலேசியக் கால்நடைத் துறையினர் ‘லோக்கல் இந்தியன் டெய்ரி’ என்றே பதிந்து வைத்திருக்கிறார்கள். பால்மரத்துக் காலத்தில் காலையில் பால் வெட்டி, மாலையில் மாடு பிடித்துக் கட்டியவர்கள் எத்தனையோ பேர். குதிரையின் கதை வேறு. ஜோகூரில் அது போலோ, பந்தயம், சவாரிப் பயிற்சி என்ற சிறு வட்டத்துக்குள் வாழ்கிறது. வேலி போட்ட சில ஏக்கர் புல்தரைதான் அதன் உலகம்.

அந்தப் புல்தரையை ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். ஒரு பகுதி சவரம் செய்ததுபோல் தரையோடு ஒட்டி இருக்கும். நாலடி தள்ளி, முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாய்ப் புல் கொழுத்து நிற்கும், நடுவில் லத்திக் குவியல். தான் கழித்த இடத்தைக் குதிரை பசித்தாலும் எளிதில் தொடாது. மேலும் கீழும் வெட்டுப்பல் இருப்பதால் பிடித்த இடத்தையோ வேர்வரை கத்தரித்துவிடும். ஆக, மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் உண்மையில் ஒன்றரை ஏக்கரில்தான் குதிரை மேய்க்கிறார். மீதி வெறும் கழிப்பிடம்.

மாட்டுக்கு மேல் முன்பல் கிடையாது. நாக்கால் சுழற்றி இழுத்துத்தான் தின்னும். அதனால் அடிக்கட்டையை விட்டுவைக்கும். சாணி விழுந்த இடத்தை அதுவும் ஒதுக்கும்தான். ஆனால் முதிர்ந்த செம்பனைக்கு அடியில் நான்கு ஹெக்டேருக்கு ஒரு மாடு என்பதே பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் கணக்கு. நிழல் கவிந்த பின் அதற்கு மேல் தாங்கும் பச்சை அங்கே இருக்காது. அத்தனை விரிவில் நாலு சாணிப் பொட்டை ஒதுக்கினால் யாருக்கும் நட்டமில்லை. மின்வேலியை நகர்த்தி நகர்த்தி ஓட்டும் முறையில், ஒரு பிளாக்கில் மேய்ந்த மந்தை மறுபடி அங்கே வர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகிறது. இந்த இரண்டு மாதம்தான் சாணியை அள்ளாமல் அள்ளுகிறது.

எப்படி என்றால், குடற்புழுவின் கணக்கு அது. லத்தியிலோ சாணியிலோ வெளியேறும் முட்டை பொரிந்து, இரண்டு முறை தோலுரித்து, மூன்றாம் நிலைப் புழுவாகிப் புல்லில் ஏறினால்தான் அடுத்த விலங்குக்குத் தொற்றும். குதிரையின் சிறு செம்புழுக்களுக்கு 25 முதல் 33 டிகிரி வரையான வெப்பம் மிகவும் உகந்தது. மூன்று நான்கு நாளில் தயாராகிவிடும். லாயாங் லாயாங்கில் ஆண்டு முழுவதும் அதுதான் வெப்பம். மழையும் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல். புல் நுனியில் ஈரப்படலத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இதே வெப்பம் புழுவுக்கு எமனாகவும் வருகிறது. மூன்றாம் நிலைப் புழு தோலுறைக்குள் அடைபட்டிருப்பதால் அதனால் இரை எடுக்க முடியாது. உடம்பில் இருக்கும் கையிருப்பை வைத்தே ஓட்ட வேண்டும். குளிர் நாட்டில் அந்தக் கையிருப்பு மாதக்கணக்கில் வரும், குளிர்காலத்தையும் தாண்டும். இங்கே சில வாரங்களில் எரிந்து தீர்ந்துவிடுகிறது. 1990களில் டோங்கா, ஃபிஜித் தீவுகளில் இதை வைத்தே ஆடுகளுக்கு ஒரு திட்டம் வகுத்தார்கள்: நிலத்தைப் பத்துப் பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மேய்த்து, ஒரு மாதம் ஓய்வு. புழு தயாராகும் முன் ஆடு போய்விடும். திரும்பி வரும்போது புழு பெரும்பாலும் செத்திருக்கும். குதிரைக்கு அதே எண்ணை அப்படியே வைக்க நான் துணியமாட்டேன். உடையாத லத்தி உருண்டைக்குள் புழு இன்னும் கொஞ்ச காலம் பத்திரமாக இருக்கும். ஆறு வாரமாவது விட வேண்டும்.

அந்த ஆறு வாரத்துக்கு இடம் எங்கே இருக்கிறது? மூன்று ஏக்கர்க்காரருக்கு ஓய்வு கொடுக்க நிலமில்லை, அதனால் உழைப்பைக் கொடுக்கிறார். இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் ஆய்வு நடத்திய ரூபர்ட் ஹெர்ட் 1986இல் எழுதியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வாரம் இருமுறை லத்தியை அகற்றிய புல்தரையில் புழுக் கட்டுப்பாடு மருந்து கொடுத்ததைவிட மேலாக இருந்தது; ஒதுக்கிய இடங்கள் மறைந்ததால் மேயும் பரப்பு ஏறத்தாழப் பாதி அளவு கூடியது. இந்த ‘வாரம் இருமுறை’யைப் பலர் அப்படியே இறக்குமதி செய்கிறார்கள். நியூமார்க்கெட்டின் குளிருக்கு அது போதும். மூன்று நாளில் புழு தயாராகும் ஊரில், அதுவும் பிற்பகல் மழை உருண்டையை உடைத்துக் கரைத்துவிடும் ஊரில், ஒன்றுவிட்டு ஒருநாளாவது அள்ள வேண்டும். தினமும் காலையில் அள்ளினால் இன்னும் நல்லது. ஒரு வளர்ந்த குதிரை நாளொன்றுக்கு 20 கிலோவுக்கு மேல் போடும். ஐந்து குதிரை என்றால் தள்ளுவண்டியோடு ஓர் ஆளின் காலைப்பொழுது போய்விடும்.

ஆங்கிலக் கையேடுகளில் உள்ள இன்னொரு யோசனை லத்தியைச் சங்கிலி வாரியால் இழுத்துக் கலைத்துக் காயவிடுவது. வறண்ட கோடை உள்ள இடத்துக்கு அது சரி. காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல் மேயும் மாட்டின் சாணி வெயிலில் ஓடுபோல் காய்ந்துவிடும். அங்கே புழுவைச் சூரியனே பார்த்துக்கொள்கிறது. லாயாங் லாயாங்கில் அப்படிக் கலைத்தால் கழிப்பிடத்தில் ஒதுங்கியிருந்த புழுவைத் தரை முழுக்க விதைத்ததாகும்.

மருந்து இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். மலேசியாவில் மருந்தை மட்டும் நம்பியதன் விளைவை ஆட்டுப் பண்ணைகள் ஏற்கெனவே பார்த்துவிட்டன. ஈப்போ கால்நடை ஆராய்ச்சிக் கழகத்தின் சந்திரவதனியும் அவருடன் பணியாற்றியவர்களும், புழு மருந்துகளுக்கு அசையாத புழுக்களைப் பண்ணைக்குப் பண்ணை பதிவு செய்தார்கள். புழுவைப் பிடித்துத் தின்னும் பூஞ்சையைத் தீவனத்தில் கலந்து கொடுத்தும் பார்த்தார்கள். குதிரையின் சிறு செம்புழுக்களும் பல நாடுகளில் பழைய மருந்துகளைத் தாண்டிவிட்டன.

இரண்டையும் சேர்த்தே மேய்த்தால் என்ன? மாடு குதிரைப் புழுவை விழுங்கினாலும் பெரும்பாலும் அது மாட்டுக்குள் வளராமல் செத்துவிடும். இரண்டுக்கும் பொதுவான இரைப்பைப் புழு ஒன்றிரண்டுதான். குதிரை ஒதுக்கிய கொழுத்த புல்லை மாடு தின்று தரையைச் சமப்படுத்தும். காகிதத்தில் அருமையான ஏற்பாடு. இங்கே இரண்டு தடைகள் உண்டு. முதலாவது சர்ரா. மாட்டு ஈக்கள் கடித்துப் பரப்பும் இந்த இரத்த ஒட்டுண்ணி நோய், மாட்டில் பெரும்பாலும் அடையாளமே காட்டாமல் தங்கியிருக்கும், குதிரையைக் கொல்லும். இரத்தம் பரிசோதிக்காத மந்தையைக் குதிரை வேலிக்குள் விடுவது, மிச்சப்படுத்தும் புல்லுக்கு மிகப் பெரிய விலை.

இரண்டாவது, புல்லே. மாட்டுக்காக நடும் செட்டேரியா, கினிப்புல் போன்ற வெப்பநாட்டுப் புற்களில் ஆக்சலேட் அதிகம். மாட்டின் அசையிரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிக்கொண்டு போகிறது, உடல் எலும்பிலிருந்து அதைத் திரும்ப எடுக்கிறது, சில மாதங்களில் முகவெலும்பு வீங்குகிறது. குதிரைக்குப் பிள்ளையாருக்கு வைக்கும் அறுகம்புல்லே நல்லது, ஆனால் அது நிழலில் நிற்காது. அதனால் செம்பனைக்குள் குதிரை மேய்க்கும் எண்ணத்தை நான் ஆதரிக்கமாட்டேன். நிழல் தாங்கும் அகலிலைக் கார்ப்பெட் புல் கொஞ்சம் இருக்கும், வயிறு நிரம்பாது.

மாட்டுத் தரப்பையும் புனிதமாக்க வேண்டியதில்லை. சாணி உரந்தான், ஆனால் விழும் இடத்தை மாடு மரத்தைக் கேட்டுத் தேர்வதில்லை. மதிய வெயிலில் மந்தை அறுவடைப் பாதையிலும் மரத்தடி வட்டத்திலும்தான் படுக்கும்; அங்கேதான் உதிரிப்பழம் பொறுக்க வேண்டும். சாணியில் புரண்ட பழத்தைக் கையால் பொறுக்குகிறவர்களின் முணுமுணுப்பு ஒருபுறம், இளங்கன்றின் மட்டையையும் மூடுபயிரையும் மாடு மொட்டையடிப்பதில் நிர்வாகத்தின் கோபம் ஒருபுறம். இரண்டு மாதச் சுழற்சி என்பதெல்லாம் மின்வேலியும் மேய்ப்பவரும் உள்ள இடத்துக் கதை. அவிழ்த்துவிட்ட மாடு தினமும் ருசியான அதே பிளாக்குக்கே போகும். அங்கே ஓய்வுமில்லை, புழுக் கணக்கும் குதிரை வேலிக் கணக்கு ஆகிவிடும்.

இனி அள்ளிய லத்தி. அதைக் குதிரைத் தரைக்கே உரமாகத் திருப்புவதென்றால் குவித்து, உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறவிட்டு, ஓரத்தை நடுவுக்குப் புரட்டி மக்கவைத்தாக வேண்டும். செம்பனைக்குப் போவதென்றால் அந்தப் பாடு தேவையில்லை. குதிரை கால் வைக்காத இடத்தில் செம்புழு சில வாரத்தில் தானே அழியும். அடுக்கிய மட்டை வரிசையின்மேல் மெல்லிசாகப் பரப்பினால் போதும். லாயத்தருகே குவித்துவைப்பதுதான் கூடாது: ஈரமான லத்தியும் வைக்கோலும் சேர்ந்த குவியலில் கடிக்கும் லாய ஈ பெருகும், சர்ராவைக் கடத்தும் ஈக்களில் அதுவும் ஒன்று.