தெரிந்தவர் கையில் விலை

ஃபிலடெல்ஃபியாவில் 1861-இல் ஆடவர் உடைக் கடை திறந்த ஜான் வனமேக்கர், எல்லோருக்கும் ஒரே விலை என்பதைத் தம் வணிகத்தின் அடித்தளமாக வைத்தவர். பொருளில் விலைச்சீட்டு தொங்கும். செல்வந்தர் கேட்டாலும் கூலித் தொழிலாளி கேட்டாலும் அதே தொகைதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய அங்காடி ஃபோர்டு கார்களையும் விற்றது. அமெரிக்கக் கடைத்தெருவிலிருந்து பேரத்தை விரட்டியதில் முன்வரிசையில் நின்ற வணிகர் அவர். அவரே விற்ற சரக்கான காரில்தான் பேரம் நூறாண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்து வருகிறது.

புதிய கார் இதற்குக் காரணமில்லை. ஃபோர்டின் மாடல் டி 1908-இல் சந்தைக்கு வந்தபோது அதன் விலை 850 டாலர். 1920களின் நடுவில் அது 300 டாலருக்கும் கீழே இறங்கியது. விலையைத் தொழிற்சாலை சொன்னது, வாங்கியவர் கொடுத்தார். அந்தக் கார்கள் பழசானபோதுதான் சிக்கல் தொடங்கியது. புதுக் கார் வாங்க வந்தவர் தம் பழைய காரிலேயே வந்து இறங்கினார். இதை எடுத்துக்கொண்டு அதைக் கொடு என்றார். தவணைமுறை, கூரை மூடிய கார், ஆண்டுக்கொரு புதிய மாடல், பழைய வண்டியைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் ஆகிய நான்கும் சேர்ந்து 1920களில் கார்ச் சந்தையைப் புரட்டிப்போட்டன என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃப்ரட் ஸ்லோன் பின்னாளில் தம் நினைவுநூலில் எழுதினார். பேரத்துக்கு வாசலைத் திறந்தது அவற்றில் நான்காவது.

ஒரே மேசையில் இப்போது இரண்டு விலைகள். பழைய வண்டிக்கு நூறு டாலர் கூட்டிக் கொடுத்து, புது வண்டியில் அதே நூறைச் சேர்த்துவிட்டால் வாங்குபவர் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போவார். குதிரைச் சந்தைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. தொடக்க காலக் கார் விற்பனையாளர்களில் பலர் குதிரை, வண்டி வியாபாரத்திலிருந்து வந்தவர்கள். பல்லை அராவிக் கிழட்டுக் குதிரையை இளங்குதிரையாகக் காட்டிய கைகளுக்கு, ஓடோமீட்டர் எண்ணைப் பின்னுக்குத் திருப்புவது பெரிய வேலையாக இருந்திருக்காது. பழைய கார் பேரத்தில் தொகையைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது. அந்த வண்டியைப் பற்றி யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதிலேயே பாதி விலை படிந்துவிடுகிறது. இந்தத் தொழிலின் வரலாறு முழுவதும் அந்த அறிவுக்காக நடந்த இழுபறிதான்.

லெஸ் கெல்லி என்பவர் 1918-இல் மூன்று மாடல் டி கார்களை வைத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலிஸில் கடை தொடங்கினார். தமக்கு எந்தெந்த வண்டி வேண்டும், எதற்கு எவ்வளவு தருவோம் என்று பட்டியல் எழுதி மற்ற வியாபாரிகளுக்கும் வங்கிகளுக்கும் அனுப்பினார். 1926-இல் அது 'ப்ளூ புக்' என்ற புத்தகமானது. விரைவிலேயே பழைய கார்த் தொழில் அதை நம்பி நடக்கத் தொடங்கியது. ஆனால் அது வியாபாரியின் மேசைக்குள் இருந்த புத்தகம். பொதுமக்களுக்கான பதிப்பு 1993-இல்தான் வெளிவந்தது. அதுவரை 67 ஆண்டுகள், மேசையின் ஒரு பக்கம் விலைப் புத்தகத்தோடும் மறுபக்கம் வெறுங்கையோடும் உட்கார்ந்து பேசியிருக்கின்றன.

பெருமந்தக் காலத்தில் வியாபாரிகளே தங்களுக்குள் நடந்த போட்டியில் நொந்துபோனார்கள். பழைய வண்டிக்கு அதிகம் கொடுத்து ஒருவரையொருவர் கெடுத்துக்கொண்டார்கள். ரூஸ்வெல்ட் அரசின் தொழில் மீட்புச் சட்டத்தின் கீழ் 1933-இல் அதற்கு உச்சவரம்பு வந்தது. 1935-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாததாக்கியது. பிறகு போர். 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றதும் பழைய கார் தங்கமாகிவிட்டது. 1944-இல் அரசு பழைய கார்களுக்கும் உச்ச விலை வைக்க வேண்டியதாயிற்று.

அந்தக் காலத்து லாஸ் ஏஞ்சலிஸில் 'பித்தன்' மன்ட்ஸ் என்று பெயரெடுத்தவர் ஏர்ல் மன்ட்ஸ். விளம்பரங்களில் நெப்போலியன் தொப்பியும் சிவப்பு உள்ளாடையுமாகத் தோன்றுவார். குறிப்பிட்ட ஒரு காரைக் காட்டி, இன்றைக்குள் விற்காவிட்டால் சம்மட்டியால் அடித்து நொறுக்குவேன் என்பார். விற்பவருக்குப் புத்தி பிசகிவிட்டது, லாபம் நமக்குத்தான் என்று வாங்குபவரை எண்ணவைக்கும் உத்தி அது. அவர் கடை பெரும் பணம் பார்த்தது. மன்ட்ஸின் கூத்தில் யாரும் பெரிதாகக் காயப்பட்டதாகத் தோன்றவில்லை. அடுத்து வந்த பத்தாண்டை அப்படிச் சொல்ல முடியாது.

1950களில் புதிய கார்களும் குவிந்தன. அசல் விலையில் சில நூறு டாலர்களை ஏற்றிச் சொல்லிவிட்டு, பழைய வண்டிக்கு அள்ளிக்கொடுப்பதுபோலக் காட்டுவது பரவலாயிற்று. மதிப்பிட்டுப் பார்க்கிறோம் என்று வாங்கிக்கொண்ட சாவி எளிதில் திரும்பி வராது. ஒரு விற்பனையாளர் களைத்தால் அடுத்தவர் வந்து உட்காருவார், பிறகு மேலாளர். ஒக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி இந்த வழக்கங்களை நாடாளுமன்ற விசாரணைக்குக் கொண்டுவந்தார். அதன் விளைவு 1958-ஆம் ஆண்டுச் சட்டம். ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் தொழிற்சாலை சொன்ன விலையை ஒட்டியாக வேண்டும். அந்த ஒட்டுச்சீட்டை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். பழைய கார்க் கண்ணாடியில் அப்படி எதையும் ஒட்டச் சட்டம் சொல்லவில்லை.

இதன்பிறகு பேரம் தாளுக்கு மாறியது. தாளை நான்கு கட்டமாகப் பிரித்து, கார் விலை, பழைய வண்டியின் மதிப்பு, முன்பணம், மாதத் தவணை என்று எழுதுவார்கள். மாதத் தவணை குறைந்ததே என்று வாடிக்கையாளர் நிம்மதியடையும்போது, தவணைக் காலம் நீண்டிருப்பது கண்ணில் படாது. எந்தக் கட்டத்தில் விட்டுக்கொடுத்தாலும் இன்னொன்றில் அள்ளிக்கொள்ளலாம்.

இந்தத் தொழிலின் அடியில் கிடந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜார்ஜ் ஆகெர்லாஃப் என்ற இளம் பொருளியலாளர். விற்பவருக்குத் தன் வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சேர்த்துச் சராசரி விலைதான் கொடுக்கத் துணிவார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். நல்லவை ஒதுங்க, சந்தையில் ஓட்டை உடைசல்கள் மிஞ்சும். இவ்வளவுதான் வாதம். மூன்று ஆய்விதழ்கள் நிராகரித்த கட்டுரை 1970-இல் வெளிவந்தது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1967-68-இல் ஆகெர்லாஃப் டெல்லியில் ஓராண்டு தங்கியிருந்தார். உள்ளூர் வட்டிக்காரரிடம் கடன் ஏன் அவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதையும், கடை அரிசியில் வேண்டுமென்றே கலந்த கல்லைப் பொறுக்கும் இந்தியக் குடும்பப் பெண்ணையும் அந்தக் கட்டுரையில் காணலாம். முறத்தோடு உட்கார்ந்த பெண்ணும் கார்ச் சந்தையில் நிற்பவரும் ஒரே சிக்கலில் இருப்பவர்கள் என்று கண்டதுதான் அந்தக் கட்டுரையின் பெருமை.

ஆக, வழி தெளிவாகவே இருந்தது. விற்பவருக்குத் தெரிந்ததை வாங்குபவருக்கும் சொல்லச் செய்ய வேண்டும். ஓடோமீட்டரைத் திருத்துவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அடுத்த அடியை எடுத்துவைக்க முயன்றது கூட்டாட்சி வர்த்தக ஆணையம். பல ஆண்டு விசாரணைக்குப் பிறகு 1981-இல் அது ஒரு விதியை முடிவுசெய்தது. தமக்குத் தெரிந்த பெரிய குறைகளைப் பழைய கார் வியாபாரி கண்ணாடியில் எழுதி ஒட்ட வேண்டும். வண்டியைக் கழற்றிப் பார்க்கக்கூடச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்லுங்கள் என்பதுதான் கோரிக்கை.

வியாபாரிகள் சங்கம் கொதித்தெழுந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் தேர்தல் நிதிக்குத் தாராளமாகக் கொடுத்துவந்த சங்கம் அது. 1982 மே மாதத்தில் செனட் 69-க்கு 27 என்றும், கீழவை 286-க்கு 133 என்றும் வாக்களித்து விதியை ரத்து செய்தன. மறு ஆண்டே, இப்படி ஆணையங்களின் விதிகளை நாடாளுமன்றம் வெட்டி வீழ்த்துவது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதி உயிர்பெற்றிருக்க வேண்டும். ஆனால் 1984-இல் அதை மீண்டும் வெளியிட்ட ஆணையம், தெரிந்த குறையைச் சொல்ல வேண்டும் என்ற வரியைத் தானே நீக்கிவிட்டது. 1985 மே முதல் ஒட்டப்படும் சீட்டில் உத்தரவாதம் உண்டா, உள்ளது உள்ளபடி விற்பனையா என்ற விவரம் இருக்கும். எந்தப் பழைய காரிலும் வரக்கூடிய பழுதுகளின் பொதுப் பட்டியலும் இருக்கும். எதிரில் நிற்கும் இந்த வண்டியில் வியாபாரி கண்ட பழுது மட்டும் இருக்காது. நுகர்வோர் சட்ட வரலாற்றில் இவ்வளவு சிறிய வரி இவ்வளவு பெரிய இழப்பாக முடிந்தது அரிது.

பேரம் யார் பையை அதிகம் கரைக்கிறது என்பது 1990களில் தெரியவந்தது. சட்டப் பேராசிரியர் இயன் அயர்ஸ், ஒரேபோலப் பேசப் பயிற்றுவித்த ஆண்களையும் பெண்களையும் சிகாகோ வட்டாரத்துக் கார்க் கடைகளுக்கு அனுப்பினார். அவர்கள் கேட்டது புதிய கார்கள். பீட்டர் சீகல்மனோடு சேர்ந்து 1995-இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, வெள்ளை ஆணுக்குக் கிடைத்த கடைசி விலையைவிடக் கறுப்பினப் பெண்ணுக்குச் சுமார் 400 டாலரும் கறுப்பின ஆணுக்குச் சுமார் 1,100 டாலரும் கூடுதலாகச் சொல்லப்பட்டிருந்தது. ஒட்டுச்சீட்டில் விலை இருந்தும் இந்த நிலை. சீட்டில் விலையே இல்லாத பழைய காருக்கு முன் அவர்கள் நின்றால் என்னவாகும் என்ற கேள்வி எழாமல் இருக்காது.

பேரமில்லாப் பழைய கார்க் கடை வர 1993 ஆயிற்று. மின்பொருள் அங்காடியான சர்க்யூட் சிட்டி, வர்ஜீனியாவின் ரிச்மண்டில் கார்மேக்ஸைத் தொடங்கியது. சொன்ன விலைதான் விலை. விற்பனையாளரின் தரகும் கார் விலையோடு ஏறி இறங்காது. வண்டியின் விபத்து, உரிமை மாற்றப் பதிவுகளைத் திரட்டித் தரும் கார்ஃபேக்ஸ் 1984-இலேயே தொடங்கிவிட்டது. கெல்லியின் விலைகள் 1995-இல் இணையத்துக்கு வந்தன. மேசையின் மறுபக்கத்திலும் ஒருவழியாகப் புத்தகம் வந்து சேர்ந்தது.

இதனால் பேரம் ஒழிந்துவிடவில்லை. காரின் விலையை விட்டு ஆவணக் கட்டணம், கடன் வட்டி, கூடுதல் காப்பீடு ஆகியவற்றுக்கு இடம்பெயர்ந்தது. சொன்ன விலைக்கு மேல் ஒளித்துவைக்கும் இந்தச் சேர்மானங்களைக் கட்டுப்படுத்த ஆணையம் 2023-இல் கொண்டுவந்த புதிய விதியை, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நடைமுறைக் காரணம் காட்டி நீக்கியது.

1984-இல் கைவிட்ட அந்த வரி விஸ்கான்சின் மாநிலத்தில் வேறு வடிவில் நடைமுறையில் இருக்கிறது. அங்கே வியாபாரி வண்டியைச் சோதித்து, கண்ட குறையைச் சீட்டில் குறித்து ஒட்ட வேண்டும் என்பது மாநில விதி. ஆணையத்தின் பொதுச் சீட்டு அங்கே தேவையில்லை என்று விலக்கும் அளித்திருக்கிறார்கள். விஸ்கான்சினில் பழைய கார் வியாபாரம் தொடர்ந்து நடந்துகொண்டுதான் இருக்கிறது.