ரக்சி உடம்பில் எட்டுச் சிலிண்டர்

மேர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்இஎல் 6.3 என்ற காரைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. விற்பனைப் பகுதி கேட்கவில்லை, நிர்வாகம் கேட்கவில்லை, காசோடு வாங்க வந்தவர்களும் கேட்கவில்லை. எரிக் வாக்ஸன்பேர்கர் என்ற பரிசோதனைப் பொறியியலாளர் 1960களின் நடுவில் தன் பாட்டில் செய்த வேலை அது. நாட்டுத் தலைவர்களும் பெரும் செல்வந்தர்களும் ஏறித்திரிந்த 600 என்ற பெரிய பென்ஸின் வி8 எஞ்சினை எடுத்து, ஆறு சிலிண்டருக்கென்று அமைத்த காரின் பொனற்றுக்குள் இறக்கினார். மேலிடத்துக்குச் சொல்லாமல்தான் இறக்கினார்.

ஸ்ருட்காட்டுக்கு வடக்கே ஒரு சிறிய கராஜில், பழைய பென்ஸ் கார்களோடு என் வேலைக்காலம் முழுவதும் போயிருக்கிறது. பார்வைக்கு ஒரு குடும்பக் கார், பொனற்றுக்குள் பந்தயக்காரன் வைத்திருக்க வேண்டிய எஞ்சின் என்று சில கார்கள் இந்த ஊரில் பிறந்தன. அவற்றைப் பற்றி ஜேர்மன் மொழியில் அலுமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. அவை ஏன் பிறந்தன என்பதற்கு இங்குள்ளவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், சுவாபிய மண்ணின் அடக்கம்: இந்தப் பக்கத்து மக்கள் சேர்த்த காசை வெளியில் காட்டமாட்டார்கள், ஆகவே அவர்களுக்கேற்ற கார் வந்தது என்பது. வாங்கியவர்களைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. செய்தவர்களைப் பொறுத்தவரை கதை வேறு. பந்தயம் ஓடத் தடைபட்ட மனிதர்களின் ஆசை போவதற்கு வேறு இடமில்லாமல் குடும்பக் காருக்குள் போய் ஒளிந்துகொண்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

1955 ஜூன் 11ஆம் திகதி, பிரான்சின் லு மான் 24 மணித்தியாலப் பந்தயத்தில் ஒரு மேர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் மோதிச் சிதறிப் பார்வையாளர் கூட்டத்துக்குள் போனது. எண்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வருட முடிவோடு நிறுவனம் பந்தயத் திடலை விட்டு விலகியது. பிறகு 220 எஸ்இ, 300 எஸ்இ போன்ற வீதிக் கார்கள் சில வருடங்கள் ரலிகளில் ஓடின, ஆர்ஜென்ரீனாவின் நெடுந்தூர ஓட்டங்களில் வென்றும் காட்டின. ஆனால் பந்தயத்துக்கென்றே கார் செய்யும் வேலை நின்றுவிட்டது. அந்த வேலை தெரிந்த மனிதர்கள் மட்டும் எங்கேயும் போகவில்லை, அதே தொழிற்சாலையில் அடுத்த மேசையில் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ருடோல்ஃப் ஊலன்ஹவுட். 300 எஸ்எல்ஆருக்குக் கூரை போட்டு, அந்தப் பந்தயக் காரையே வீதியில் ஓட்டித் திரிந்த மனிதர். 1960களில் அவர் கையில் இருந்தது பயணிகள் கார்களை உருவாக்கும் பொறுப்பு.

வாக்ஸன்பேர்கரின் இரகசியம் வெளிப்பட்ட விதத்தை இங்கே பலரும் சொல்வார்கள். ஊலன்ஹவுட்டின் சன்னலுக்கு வெளியே ஒரு சத்தம் கேட்டது. அது ஆறு சிலிண்டரின் சத்தம் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வாக்ஸன்பேர்கரைக் கூப்பிட்டு விசாரித்தார், பிறகு காரைத் தானே எடுத்துக்கொண்டு போனார். வழியில் சிவப்பு விளக்கில் நின்றபோது பொறுக்கமுடியாமல் இறங்கிப் பொனற்றைத் திறந்து பார்த்தாராம். இவ்வளவு பெரிய எஞ்சின் இதற்குள் எப்படிப் போனது என்பதுதான் அவருடைய கேள்வி. காரை நிறுத்தச் சொல்லவில்லை, தயாரிக்கச் சொன்னார். அந்தச் சிவப்பு விளக்குக் கதை சொல்பவருக்குச் சொல்பவர் கொஞ்சம் மாறும். ஆனாலும் அந்த எஞ்சினை ஒருதரம் பார்த்தவனுக்கு அதை நம்புவது கஷ்டமில்லை.

1968 மார்ச் மாதம் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் 300 எஸ்இஎல் 6.3 வெளியானது. கொள்ளளவு 6,332 கனசென்ரிமீற்றர், 250 குதிரைவலு. ஐந்து பேரையும் அவர்கள் பெட்டிகளையும் ஏற்றக்கூடிய, ஒன்றேமுக்கால் தொன்னுக்கு மேற்பட்ட, தானியங்கிக் கியர் வைத்த கார் நின்ற நிலையிலிருந்து 6.5 செக்கன்களில் நூறு கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டது. உச்ச வேகம் மணிக்கு 220 கிலோமீற்றர். அந்த வருடத்துப் போர்ஷே 911கள் புறப்படும் வேகத்தில் இதற்குப் பின்னால்தான் நின்றன. விலை ஏறக்குறைய 39,000 மார்க். வெளியே காட்டிக்கொடுத்தவை முகப்பின் இரட்டை விளக்குகளும், சற்று அகன்ற ரயர்களும், பின்மூடியின் வலப்பக்கத்தில் 6.3 என்ற சின்ன எண்ணும் மட்டுமே. அந்த எண்ணும் வேண்டாம் என்று சொல்லி வாங்கியவர்கள் இருந்தார்கள்.

இந்தக் காரில் வேலை செய்வதென்பது தனி அனுபவம். பொனற்றைத் திறந்தால் கை விட இடம் தேட வேண்டும். எஞ்சினுக்கும் பக்கத் தகடுகளுக்கும் நடுவே குழாய்களும் வயர்களும் நெருக்கியடித்துக் கிடக்கும். வெப்பம் வெளியேற வழியில்லாமல் ரப்பர் எல்லாம் காய்ந்து வெடித்திருக்கும். சக்கரங்களைத் தாங்குவது சுருள்வில் இல்லை, காற்று நிரப்பிய ரப்பர் பைகள். அந்தப் பைகள் கசியத் தொடங்கினால், இரவில் நிமிர்ந்து நின்ற கார் காலையில் தரையோடு படுத்துக் கிடக்கும். எஞ்சினை இயக்கிச் சிறிது நேரம் விட்டால் அமுக்கி காற்றை நிரப்ப, மெல்ல எழும்பும். எட்டுச் சிலிண்டருக்கும் பெற்றோலை அளந்து அனுப்பும் பொஷ் பம்பைச் சரிசெய்யப் பொறுமை மட்டும் போதாது, காதும் வேண்டும். இத்தனை சிரமத்தையும் வாக்ஸன்பேர்கர் ஏன் ஏற்றுக்கொண்டார்? பெரிய எஞ்சினுக்குப் பெரிய உடம்பு செய்வது அவருக்கு எளிது. உடம்பின் ஒரு கோட்டையும் மாற்றாமல் இந்த எஞ்சினை உள்ளே வைப்பதுதான் வேலை. 1972 வரை இப்படி 6,526 கார்கள் செய்தார்கள். அந்த எஞ்சினின் முதல் வீடான 600 தன் முழு ஆயுளிலும் 2,677 மட்டுமே.

வேலைக்களம் மூடப்பட்ட ஆசைக்கு இன்னுமொரு சாட்சி உண்டு. ஹான்ஸ் வேர்னர் ஔஃப்ரெஹ்ட், எர்ஹார்ட் மெல்ஹர் என்ற இருவர் அதே நிறுவனத்தில் 300 எஸ்இ பந்தய எஞ்சினில் வேலை செய்தவர்கள். நிறுவனம் அந்த வேலையை நிறுத்தியபோது அவர்கள் நிறுத்தவில்லை. ஔஃப்ரெஹ்ட்டின் ஊரான குரோஸாஸ்பாக்கில், வீட்டிலேயே தொடர்ந்தார்கள். 1967இல் பக்கத்து ஊரான புர்க்ஸ்டாலில் ஒரு பழைய ஆலைக் கட்டடத்தில் தொடங்கிய அவர்களுடைய பட்டறைதான் ஏஎம்ஜி. 1971இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணித்தியாலப் பந்தயத்துக்கு அவர்கள் கொண்டுபோனது இதே 6.3 கார்தான்: கொள்ளளவை 6.8 லீற்றராக்கி, 428 குதிரைவலு ஏற்றி, சிவப்பு அடித்த கார். சின்னச் சின்ன இலகுவான கார்களுக்கு நடுவில் அந்தப் பெரிய உடம்பு தன் வகுப்பில் முதலாவதாகவும், மொத்தத்தில் இரண்டாவதாகவும் வந்தது. ஹான்ஸ் ஹேயரும் கிளெமென்ஸ் ஷிக்கென்ரான்ஸும் ஓட்டினார்கள். பிறகு அந்தக் காரைப் பிரான்சின் மட்ரா நிறுவனம் வாங்கி, விமானச் சக்கரங்களைப் பரிசோதிக்கப் பாவித்தது. குறுகிய ஓடுபாதையில் அவ்வளவு பாரத்தோடு அவ்வளவு வேகம் எடுக்க வேறு வாகனம் அகப்படவில்லைப் போலும்.

அடுத்து வந்த 450 எஸ்இஎல் 6.9 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1973 எண்ணெய் நெருக்கடியில் ஜேர்மனி ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத்தை நிறுத்தி, ஓட்டோபானில் தற்காலிகமாக நூறு கிலோமீற்றர் எல்லையும் போட்ட நேரத்தில், ஏழு லீற்றருக்குக் கிட்டிய எஞ்சினை எவர் விற்பார்? அது 1975இல்தான் கடைக்கு வந்தது. 286 குதிரைவலு. பிரெஞ்சு இயக்குநர் குளோட் லலூஷ் 1976இல் விடியற்காலைப் பாரிஸ் வீதிகளில் ஒரு காரை வெறிகொண்டு ஓட்டி எடுத்த குறும்படத்தில் கேட்பது ஃபெராரியின் சத்தம், கமரா பூட்டியிருந்தது இந்த 6.9இல். குடும்பக் காரின் சத்தம் படத்துக்குப் போதவில்லை, ஓட்டம் போதியது. நல்ல கார்தான், ஆனால் அது நிறுவனம் திட்டம்போட்டுச் செய்த கார். 6.3இன் பிடிவாதம் அதில் இல்லை.

அந்தப் பிடிவாதத்தை நான் மறுபடி கண்டது 500 இ-யில்.

டபிள்யூ124 என்ற உடம்பை அறியாத தமிழர் ஜேர்மனியில் இருக்கமுடியாது. 1980களில் இங்கே வந்து இறங்கிய எங்களில் பலர் முதன்முதலில் ஏறிய ஜேர்மன் கார் அதுதான், ஏனென்றால் ரெயில் நிலையத்து வாசலில் நின்ற ரக்சிகளில் பெரும்பகுதி அது. வெளிர் யானைத்தந்த நிறம், 200 டி டீசல் எஞ்சின், 72 குதிரைவலு. மேட்டில் ஏறும்போது ஓட்டுநரும் பயணியும் சேர்ந்து பொறுமை காக்க வேண்டும். 1990 ஒக்ரோபரில் பாரிஸ் கண்காட்சியில் அதே உடம்பில் ஐந்து லீற்றர் வி8 வந்து நின்றது. 326 குதிரைவலு, ரக்சியைப்போல நாலு மடங்குக்கு மேல். வேகத்தை 250இல் மின்னணுவால் கட்டிவைத்திருந்தார்கள்.

இதை உருவாக்கித் தரும்படி பென்ஸ் 1988இல் ஒப்பந்தம் கொடுத்தது போர்ஷேக்கு. அமெரிக்காவில் டொலர் விழுந்து விற்பனை சரிந்த அக்காலத்தில் போர்ஷேக்கு வேலை தேவைப்பட்டது. எஞ்சினையும் அதற்கேற்ற சக்கரங்களையும் கொள்ளச் சக்கர மேல்தகடுகளைச் சற்று உப்பவைத்தார்கள். உப்பிய உடம்பு சிண்டெல்ஃபிங்கன் தொழிற்சாலையின் தொடர்பாதையில் போகாது. ஆகவே தகடுகள் சிண்டெல்ஃபிங்கனிலிருந்து நகரத்தின் மறுபக்கத்துச் சுஃபன்ஹவுசனுக்குப் போயின. அங்கே போர்ஷேயின் ரொஸ்லே கட்டடத்தில், முன்பு 959 காரைச் செய்த கைகள் அவற்றை உடம்பாக்கின. உடம்பு பெயின்ற் அடிக்கத் திரும்பிச் சிண்டெல்ஃபிங்கனுக்கு வந்தது. எஞ்சின் ஏற்ற மீண்டும் சுஃபன்ஹவுசனுக்குப் போனது. கடைசிப் பரிசோதனைக்கும் கையளிப்புக்கும் இன்னொருமுறை சிண்டெல்ஃபிங்கன். ஒரு கார் முடிய 18 நாட்கள் எடுத்தன. 1995 வரை 10,479 கார்கள் இப்படி லொறியில் அங்குமிங்கும் போய்வந்தே பிறந்தன. இத்தனை அலைச்சலும் எதற்கு? வழியில் நிற்பவர் திரும்பிப் பார்க்காத கார் ஒன்றுக்காக. 23 மில்லிமீற்றர் தாழ்வையும் தகட்டின் அந்த மெல்லிய வீக்கத்தையும் கண்டுபிடிக்கக் கண் பழகியிருக்க வேண்டும்.

விலை 1,34,000 மார்க்குக்கு மேல். அவ்வளவு கொடுத்தும், கட்டளைப் பட்டியலில் 260ஆம் எண்ணைக் குறித்தால் பின்மூடியில் எழுத்தே இல்லாமல் தருவார்கள். எங்கள் கராஜுக்கு வந்த ஒரு மருத்துவரின் கறுப்புக் கார் அப்படிப்பட்டது. ஏன் எண்ணை எடுக்கச் சொன்னீர்கள் என்று நான் கேட்டதற்கு, வருத்தம் என்று வருகிற நோயாளி வாசலில் நிற்கிற காரின் விலையைக் கணக்குப் பார்க்கக் கூடாது என்றார். பின்னிருக்கையில் பேரப்பிள்ளைக்குரிய ஆசனம் பூட்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த காலத்தில் வாடகைக் கார் என்றால் பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ40 அல்லது மொறிஸ் ஒக்ஸ்போட். பெயின்ற் வெளிறியிருந்தால் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். எஞ்சின் எப்படி என்பதுதான் முதற்கேள்வி, அதற்குரிய பதிலை வைத்துத்தான் கலியாண வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ எந்தக் காரைப் பிடிப்பது என்று முடிவாகும். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் இல்லாமல் போக, அதே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காரை உள்ளுறுப்பால் மதிக்கும் பழக்கத்தோடுதான் நான் இந்த ஊருக்கு வந்தேன். ஆகவே மருத்துவர் சொன்னது எனக்குப் புதிதாக இருக்கவில்லை.

மற்ற ஊர்களிலும் இந்த ஆசை இருந்தது. மியூனிக்கில் பிஎம்டபிள்யூ 1985இல் காட்டிய முதல் எம்5, எம்1 ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து வந்த ஆறு சிலிண்டர் எஞ்சினைச் சாதாரண 5 வரிசை உடம்பில் கொண்டிருந்தது. இங்கிலாந்தில் லோட்டஸ் நிறுவனம் வொக்ஸ்ஹோல் கார்ல்ரன் என்ற அலுவலகக்காரர் காருக்கு இரண்டு ரேபோ வைத்து 377 குதிரைவலு ஏற்றி, மணிக்கு 283 கிலோமீற்றர் ஓடவிட்டது. அதைத் தடைசெய்ய வேண்டும் என்று அங்கே பத்திரிகைகள் எழுதின. அதற்கு அகன்ற சக்கர வளைவுகளும் பின் இறகும் இருந்தன, ஆகவே நான் அதை இந்தக் குடும்பத்தில் அரைப் பங்காகத்தான் சேர்ப்பேன். சுஃபன்ஹவுசனின் அதே ரொஸ்லே கட்டடத்திலிருந்து 1994இல் ஔடி ஆர்எஸ்2 வந்தது. நாயும் குழந்தை வண்டியும் ஏற்றும் நீளக் கார், 315 குதிரைவலு. அதை முழுப் பங்காளியாகவே கொள்ளலாம்.

1990இல் பென்ஸ் ஏஎம்ஜியோடு ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்தது. 1999இல் அதன் பெரும்பான்மைப் பங்கையும், 2005இல் முழுவதையும் வாங்கியது. முன்பு வீட்டில் இருந்து செய்த வேலைக்கு இப்போது தலைமையகத்தின் கையொப்பம் கிடைத்தது. ஒளிக்க வேண்டிய தேவை போய்விட்டதால் ஒளிப்பதும் போய்விட்டது. அடுத்த தலைமுறை வேகக் கார்கள் பெரிய சக்கரமும் பாவாடைத் தகடும் நாலு புகைக்குழாயும் அணிந்து வந்தன. பிறகு அந்த உடுப்பை மட்டும் ஏஎம்ஜி லைன் என்று தனியாக விற்கத் தொடங்கினார்கள். இரண்டு லீற்றர் டீசல் எஞ்சினுக்கும் அந்த உடுப்புக் கிடைக்கிறது. வாங்குபவர் மகிழ்ச்சிக்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன், ஆனால் வாக்ஸன்பேர்கர் செய்த வேலைக்கு இது நேர்மாறான வேலை.

கராஜுக்குத் தொழில் பழக வரும் பிள்ளைகளுக்கு 500 இ-யைக் காட்டும்போது, பொனற்றை மூடிவைத்துவிட்டு முதலில் டிக்கியைத் திறப்பேன். அங்கே பற்றரி இருக்கும். மற்ற டபிள்யூ124 கார்களில் பற்றரி முன்னால்தானே இருக்கிறது, இதில் ஏன் பின்னால் என்று கேட்பேன். பாரத்தைச் சமன்செய்ய என்று சிலர் சொல்வார்கள், அதுவும் சரிதான். பிறகு பொனற்றைத் திறப்பேன். எட்டுச் சிலிண்டரும் சுவரோடு சுவராக இருக்கிற இருப்பைப் பார்த்ததும் மிச்சக் காரணத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.