சிண்ட்ரெல்லா

அஞ்சல்தலை சேகரிப்போர் வழக்கில், அரசு அஞ்சல்துறை வெளியிடாத தலை. பிரெஞ்சில் சாம்பலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். அடுப்படிச் சாம்பலில் ஒதுக்கப்பட்ட கதைப்பெண்ணுடையது. விலைப்பட்டியல் நூல்கள் ஒதுக்கிய தலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

ஆல்பத்தில் இனம் தெரியாத தலை கிடைத்தால் முதலில் நாட்டுப் பெயரையும் விலையையும் தேடுங்கள். (பிரிட்டன் தலைகளில் நாட்டுப் பெயர் இராது, அரச முகமே அடையாளம்.) இரட்டைக் குறுக்குச் சிலுவை தெரிந்தால், பெரும்பாலும் காசநோய் நிதி வில்லை. டென்மார்க்கில் 1904இல் பிறந்த வழக்கம் அது. நம் பள்ளிகளிலும் விற்றார்கள்.

விலை ‘பஃபின்’ என்றிருந்தால் இங்கிலாந்தின் லண்டி தீவு. பஃபின், அங்குள்ள கடற்பறவை. தீவின் உரிமையாளர் மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன் 1929இல் சொந்தமாகத் தலை வெளியிட்டார். நாணயமும் அடித்தார்; அதற்கு மட்டும் அபராதம் விழுந்தது.