இரைப்பைக் கிருமியும் கருவுற்ற தாய்மாரும்: ஒரு வரலாறு

ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது மனித இரைப்பையின் உட்சுவரை மூடியுள்ள சளிப்படலத்தில் வாழும் சுருள் வடிவ பாக்டீரியா ஆகும். பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் குடும்பத்தினரிடமிருந்து இது தொற்றுகிறது. பலருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. சிலருக்கு இரைப்பை அழற்சியும் வயிற்றுப்புண்ணும், அரிதாகப் புற்றுநோயும் உண்டாகின்றன. கருவுற்ற பெண்களின் கடும் வாந்திக்கும் இக்கிருமிக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி, மருத்துவ வரலாற்றில் ஒரு பழைய தவறான எண்ணத்தை அசைத்தது.

கண்டுபிடிப்பு

அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்தக் கிருமியும் நிலைத்து வாழ முடியாது என்றே 20 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவர்கள் நம்பினர். மன அழுத்தமும் காரமான உணவுமே வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் எனக் கருதப்பட்டது. 1979 இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்குறியியல் மருத்துவர் ராபின் வாரன், அழற்சியுற்ற இரைப்பைத் திசுக்களில் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டார். பின்னர் இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவருடன் இணைந்தார். கிருமியை ஆய்வகத்தில் வளர்க்கும் முயற்சிகள் தொடர்ந்து தோற்றன. 1982 ஈஸ்டர் விடுமுறையால் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் அப்படியே விடப்பட்டபோதுதான் அது வளர்ந்தது. 1984 இல் மார்ஷல் அக்கிருமிக் கரைசலைத் தாமே குடித்தார். சில நாட்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் ஏற்பட்டன. 2005 இல் இருவருக்கும் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மசக்கையும் மிகைவாந்தியும்

கருவுற்ற தொடக்க மாதங்களில் வரும் மசக்கை இயல்பானது. ஆனால் சிலருக்குத் தண்ணீர்கூடத் தங்காத அளவு வாந்தி எடுத்து, உடல் எடை குறைந்து, நீரிழப்பு ஏற்படுகிறது. இது மிகைவாந்தி எனப்படும். நரம்புவழித் திரவம் செலுத்தும் முறை பரவுவதற்கு முன் இது உயிரையே பறித்தது. 20 ஆம் நூற்றாண்டில் உளப்பகுப்பாய்வின் தாக்கத்தால், குழந்தையை மனத்துக்குள் வெறுப்பதாலேயே பெண்கள் இவ்வாறு வாந்தி எடுக்கிறார்கள் என்று சில மருத்துவர்கள் விளக்கினர். நோயுற்ற பெண் தன் நோய்க்கே குற்றவாளியானாள்.

இந்நிலையில் 1998 இல் வியன்னா மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மிகைவாந்தியுள்ள 105 பெண்களில் 95 பேரின் குருதியில் ஹெலிகோபாக்டருக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. நோயற்ற 129 கருவுற்ற பெண்களில் 60 பேருக்கே அது இருந்தது. மனத்தில் தேடப்பட்ட காரணத்தை உடலில் தேடலாம் என்பதற்கு இது சான்றாயிற்று. எனினும் பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் ஒரே முடிவைத் தரவில்லை; கிருமி உள்ள பெண்கள் பலருக்கு மிகைவாந்தி வருவதுமில்லை. நஞ்சுக்கொடியும் கருவும் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற இயக்குநீருக்கு இந்நோயில் முக்கியப் பங்கு உண்டு என 2023 இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே கிருமி இன்று நோயைக் கூட்டக்கூடிய காரணிகளுள் ஒன்றாகவே கருதப்படுகிறது.

பிற விளைவுகள்

உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க இரைப்பை அமிலம் உதவுகிறது. நாட்பட்ட தொற்று அமிலச் சுரப்பைக் குறைப்பதால் இரத்தசோகை உண்டாகலாம். கருவுற்ற காலத்தில் இரும்புத் தேவை மிகுவதால் இது கூடுதல் சுமையாகிறது. பேறுகால உயர் இரத்த அழுத்த நோயான முன்சூல்வலிப்புடனும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் கிருமியே அதற்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை.

சிகிச்சை

அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்துடன் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நுண்ணுயிர் எதிர்ப்பிகளைச் சேர்த்துக் கொடுப்பதே வழக்கமான சிகிச்சை. இவற்றுள் டெட்ராசைக்ளின் கருவிலுள்ள குழந்தையின் பற்களையும் எலும்புகளையும் பாதிக்கும் என்பதால் தவிர்க்கப்படுகிறது. கடுமையான புண் போன்ற நிலைகள் தவிர, பொதுவாகப் பேறுகாலத்திற்குப் பின்னரே சிகிச்சை தொடங்கப்படுகிறது. கருவுறத் திட்டமிடும் பெண்ணுக்கு நீண்டநாள் வயிற்றுவலியோ காரணம் தெரியாத இரத்தசோகையோ இருந்தால், முன்கூட்டியே பரிசோதித்துக் கிருமியை நீக்குவது எளிது.