கிளிஃபோர்டு பிரவுன்

கிளிஃபோர்டு பிரவுன் (அக்டோபர் 30, 1930 – ஜூன் 26, 1956) அமெரிக்காவைச் சேர்ந்த ஜாஸ் டிரம்பெட் கலைஞரும் இசையமைப்பாளரும் ஆவார். 1950களில் உருப்பெற்ற ஹார்ட் பாப் என்னும் ஜாஸ் பாணியின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். சக கலைஞர்கள் இவரைப் "பிரவுனி" என்று அழைத்தனர். இவருடைய தொழில்முறை ஒலிப்பதிவுகள் 1952க்கும் 1956க்கும் இடைப்பட்ட சுமார் நான்கு ஆண்டுகளில் செய்யப்பட்டவை. தமது 25ஆம் அகவையில் சாலை விபத்தொன்றில் இறந்த போதிலும், இவருக்குப் பின் வந்த டிரம்பெட் கலைஞர்கள் பலரிடம் இவரது தாக்கத்தைக் காணலாம்.

ஹார்ட் பாப்: ஒரு சுருக்கம்

1940களில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி முதலியோர் உருவாக்கிய பீபாப் இசை, மிகு வேகமும் சிக்கலான சுர அடுக்குகளும் கொண்டது. 1950களின் நடுப்பகுதியில் கறுப்பின இசைக்கலைஞர்கள் பலர், பீபாப்பின் நுட்பங்களைக் கைவிடாமல், அதனுடன் புளூஸ், ரிதம் அண்டு புளூஸ், தேவாலயப் பாடல்கள் ஆகியவற்றின் கூறுகளைச் சேர்த்து வாசித்தனர். இப்பாணியே ஹார்ட் பாப் எனப்படுகிறது. ஆர்ட் பிளேக்கி, ஹோரஸ் சில்வர், மாக்ஸ் ரோச், சோனி ரோலின்ஸ் ஆகியோர் இதன் முதன்மைக் கலைஞர்களுள் அடங்குவர்.

பிறப்பும் இளமையும்

பிரவுன் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை இசையில் ஈடுபாடு உள்ளவர். வீட்டில் பல இசைக்கருவிகளை வைத்திருந்தார். அவற்றுள் பளபளப்பான டிரம்பெட் சிறுவனான பிரவுனைக் கவர்ந்தது. இவருக்கு 13 அகவை ஆனபோது தந்தை ஒரு டிரம்பெட்டை வாங்கித் தந்து, தனிப்பயிற்சிக்கும் ஏற்பாடு செய்தார். ராபர்ட் லோவரி என்னும் உள்ளூர் ஆசிரியரிடம் பிரவுன் ஜாஸ் இசையின் அடிப்படைகளைக் கற்றார்.

வில்மிங்டனிலுள்ள ஹோவர்ட் உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்த பின்னர், டெலவேர் மாநிலக் கல்லூரியில் கணிதம் பயிலச் சேர்ந்தார். கணிதத்திலும் சதுரங்கத்திலும் இவருக்கு இருந்த ஆர்வம் இறுதிவரை நீடித்தது. பின்னர் மேரிலாந்து மாநிலக் கல்லூரிக்கு மாறி, அங்கிருந்த இசைக்குழுவில் வாசித்தார். இக்காலத்தில் அருகிலுள்ள பிலடெல்பியா நகருக்கு அடிக்கடி சென்று, அங்கு வந்த முன்னணிக் கலைஞர்களுடன் சேர்ந்து வாசிக்கும் வாய்ப்பைப் பெற்றார். அவர்களுள் டிரம்பெட் கலைஞர் பேட்ஸ் நவாரோ இவரைப் பெரிதும் ஊக்குவித்தார். நவாரோவின் முழுமையான, தெளிந்த ஒலியே பிரவுனுடைய பாணிக்கு அடித்தளமாக அமைந்தது.

1950ஆம் ஆண்டு விபத்து

1950 ஜூன் மாதத்தில் ஒரு நிகழ்ச்சியை முடித்துத் திரும்பும்போது பிரவுன் பயணித்த கார் விபத்துக்குள்ளானது. பலத்த காயமடைந்த இவர் ஏறத்தாழ ஓராண்டு மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. அடுத்த மாதமே, காசநோயாலும் ஹெராயின் பழக்கத்தாலும் நலிவுற்றிருந்த நவாரோ 26 அகவையில் இறந்தார். இவ்வாறு தமது உடல்நலத்தையும் வழிகாட்டியையும் ஒரே காலத்தில் பிரவுன் இழந்தார்.

மருத்துவமனைக்கு வந்து பார்த்த டிஸ்ஸி கில்லெஸ்பி, இசையைக் கைவிட வேண்டாம் என்று இவரை ஊக்கப்படுத்தினார். காயங்களின் காரணமாகப் பல மாதங்கள் டிரம்பெட் வாசிக்க இயலாத நிலையில் பிரவுன் பியானோ வாசித்துப் பயிற்சியைத் தொடர்ந்தார். தோள் மூட்டு விலகும் தொல்லை வாழ்நாள் முழுவதும் இவருக்கு இருந்தது.

தொழில்முறைத் தொடக்கம் (1952–1953)

உடல் தேறிய பின்னர், பிலடெல்பியாவைச் சேர்ந்த கிரிஸ் பவலின் "புளூ பிளேம்ஸ்" என்னும் ரிதம் அண்டு புளூஸ் குழுவில் பிரவுன் சேர்ந்தார். இக்குழுவுடன் 1952 மார்ச் 21 அன்று சிகாகோவில் வாசித்ததே இவருடைய முதல் இசைத்தட்டுப் பதிவாகும். அப்போது இவருக்கு 21 அகவை. நடனத்திற்கான எளிய பாடல்களாயினும், அவற்றில் இடம்பெற்ற இவருடைய குறுகிய தனிவாசிப்புகளிலேயே பிற்காலப் பாணியை அடையாளம் காணமுடிகிறது.

1953ஆம் ஆண்டு இவருடைய வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மட்டும் சாக்சபோன் கலைஞர் லூ டொனால்ட்சன், பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான டாட் டேமரன், டிராம்போன் கலைஞர் ஜே. ஜே. ஜான்சன் ஆகிய மூவருடனும் தனித்தனியே ஒலிப்பதிவுகளில் பங்கேற்றார். ஆகஸ்ட் 28 அன்று புளூ நோட் நிறுவனத்திற்காகத் தமது தலைமையில் முதன்முறையாக ஒலிப்பதிவு செய்தார். இதில் ஆர்ட் பிளேக்கி டிரம்ஸ் வாசித்தார்.

அதே ஆண்டின் இலையுதிர்காலத்தில் லயனல் ஹாம்ப்டனின் பெருங்குழுவில் சேர்ந்து ஐரோப்பா சென்றார். குவின்சி ஜோன்ஸ், ஆர்ட் பார்மர், ஜிஜி கிரைஸ் ஆகிய இளம் கலைஞர்களும் அக்குழுவில் இருந்தனர். குழுவினர் வெளியில் ஒலிப்பதிவு செய்யக்கூடாது என்று ஹாம்ப்டன் தடை விதித்திருந்தார். எனினும் அவர்கள் நிகழ்ச்சிகள் முடிந்த பின்னர் அவருக்குத் தெரியாமல் சென்று, ஸ்டாக்ஹோமிலும் பாரிசிலும் ஒலிப்பதிவுகள் செய்தனர். இத்தடை மீறப்பட்டதாலேயே பிரவுனின் தொடக்ககால வாசிப்பில் ஒரு பெரும்பகுதி இன்று கேட்கக் கிடைக்கிறது.

பேர்ட்லாண்ட் நிகழ்ச்சி

1954 பெப்ரவரி 21 அன்று நியூயார்க்கின் பேர்ட்லாண்ட் கூடத்தில் ஆர்ட் பிளேக்கியின் ஐவர் குழு வாசித்தது. பிளேக்கியுடன் பிரவுன், லூ டொனால்ட்சன், ஹோரஸ் சில்வர், பாஸ் கலைஞர் கர்லி ரசல் ஆகியோர் பங்கேற்றனர். புளூ நோட் நிறுவனத்திற்காக ரூடி வான் கெல்டர் நேரடியாகப் பதிவு செய்த இந்நிகழ்ச்சி, ஹார்ட் பாப் பாணி முழு வடிவம் பெற்றதைக் காட்டும் தொடக்கச் சான்றுகளுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. அதே ஆண்டு டவுன் பீட் இதழின் திறனாய்வாளர் வாக்கெடுப்பில் பிரவுன் புதிய டிரம்பெட் கலைஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பிரவுன்–ரோச் ஐவர் குழு

1954இல் கலிபோர்னியாவில் இருந்த டிரம்ஸ் கலைஞர் மாக்ஸ் ரோச், தம்முடன் இணைந்து ஒரு குழுவை நடத்துமாறு பிரவுனை அழைத்தார். ரோச் அப்போதே சார்லி பார்க்கருடன் வாசித்துப் பெயர்பெற்றவர். எனினும் 23 அகவையே ஆன பிரவுனை இணைத்தலைவராக ஏற்று, குழுவிற்கு இருவர் பெயரையும் சூட்டினார். சில மாற்றங்களுக்குப் பின்னர் ஹெரால்ட் லாண்ட் (டெனர் சாக்சபோன்), ரிச்சி பவல் (பியானோ), ஜார்ஜ் மாரோ (பாஸ்) ஆகியோர் குழுவில் நிலைபெற்றனர். ரிச்சி பவல், புகழ்பெற்ற பியானோ கலைஞர் பட் பவலின் தம்பி ஆவார்.

லாஸ் ஏஞ்சலிசில் பிரவுன் லாரூ ஆண்டர்சனைச் சந்தித்து 1954 ஜூன் மாதத்தில் மணம் செய்துகொண்டார். "ஜாய் ஸ்பிரிங்" என்னும் இவருடைய படைப்பு லாரூவை மனத்திற்கொண்டு பெயரிடப்பட்டது. அதுவும் "டாஹூத்", "சாண்டு" ஆகியவையும் இன்றும் ஜாஸ் மாணவர்கள் பயிலும் இசைப்படைப்புகளாகும்.

1955 இறுதியில் லாண்ட் குழுவிலிருந்து விலக, சோனி ரோலின்ஸ் அவ்விடத்திற்கு வந்தார். ஹெராயின் பழக்கத்திலிருந்து அப்போது மீண்டுகொண்டிருந்த ரோலின்சுக்கு, போதைப்பொருளின் உதவியின்றியே உயர்ந்த ஜாஸ் இசையைப் படைக்க முடியும் என்பதற்குப் பிரவுன் கண்கூடான எடுத்துக்காட்டாக விளங்கினார். நவாரோ உட்படப் பல கலைஞர்களை இப்பழக்கம் சீரழித்த அக்காலத்தில் பிரவுனுடைய ஒழுக்கமும் இடைவிடாப் பயிற்சியும் சக கலைஞர்களால் பெரிதும் மதிக்கப்பட்டன.

வாசிப்பு முறை

பிரவுனுடைய டிரம்பெட் ஒலி கனமும் இதமும் உடையது. மிகு வேகத்தில் வாசிக்கும்போதும் ஒவ்வொரு சுரமும் தனித்துத் தெளிவாகக் கேட்கும். இதற்கு ஒவ்வொரு சுரத்தையும் நாவினால் தட்டித் தொடங்கும் இவரது முறை காரணமாகும். முன்னேற்பாடின்றிக் கற்பனையாக வாசிக்கும் பகுதிகளிலும் நீண்ட சொற்றொடர்களைப் போன்ற ஒழுங்கான இசைத்தொடர்களை அமைத்தார். விரைவான பாடல்களில் மட்டுமன்றி மெதுவான பாடல்களிலும் இவர் சிறந்து விளங்கினார் என்பதற்கு 1955 ஜனவரியில் வயலின் குழுவுடன் பதிவு செய்த இசைத்தொகுப்பு சான்றாகும்.

இறப்பு

1956 ஜூன் 26 அன்று பின்னிரவில் பிரவுன், ரிச்சி பவல், பவலின் மனைவி நான்சி ஆகிய மூவரும் சிகாகோ நிகழ்ச்சிக்காகக் காரில் சென்றுகொண்டிருந்தனர். பென்சில்வேனியாவின் பெட்போர்டு நகருக்கு அருகே, மழையில் நனைந்த நெடுஞ்சாலையில் நான்சி ஓட்டிச்சென்ற கார் கட்டுப்பாட்டை இழந்தது. மூவரும் உயிரிழந்தனர். அந்நாள் பிரவுன்–லாரூ இணையரின் இரண்டாவது திருமண நாள் ஆகும்.

1973இல் வெளியான "தி பிகினிங் அண்டு தி எண்ட்" என்னும் இசைத்தொகுப்பு, 1952ஆம் ஆண்டின் முதல் பதிவுகளையும் பிலடெல்பியாவில் பதிவான ஒரு நிகழ்ச்சியையும் கொண்டது. அந்நிகழ்ச்சி பிரவுன் இறப்பதற்குச் சில மணி நேரம் முன்னர் நிகழ்ந்தது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அது 1955ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

தாக்கம்

பிரவுனின் நினைவாக பென்னி கோல்சன் இயற்றிய "ஐ ரிமெம்பர் கிளிஃபோர்டு" ஜாஸ் இசையின் நிலைத்த படைப்புகளுள் ஒன்றாகிவிட்டது. பிலடெல்பியாவைச் சேர்ந்த லீ மார்கன் 1957இல் அதனைப் பதிவு செய்தபோது அவருக்கு 18 அகவையே. மார்கன், பிரட்டி ஹப்பார்ட், டொனால்ட் பேர்ட் ஆகியோர் பிரவுனின் வழிவந்தவர்களாகக் கருதப்படுகின்றனர். 1972இல் டவுன் பீட் இதழின் புகழ்மன்றத்தில் இவர் சேர்க்கப்பட்டார்.

முக்கிய இசைத்தொகுப்புகள் (பதிவான ஆண்டு)

* எ நைட் அட் பேர்ட்லாண்ட் – ஆர்ட் பிளேக்கியுடன் (1954)
* சாரா வான் – பாடகி சாரா வானுடன் (1954)
* கிளிஃபோர்டு பிரவுன் வித் ஸ்ட்ரிங்ஸ் (1955)
* ஸ்டடி இன் பிரவுன் – மாக்ஸ் ரோச்சுடன் (1955)
* அட் பேசின் ஸ்ட்ரீட் – மாக்ஸ் ரோச்சுடன் (1956)
* சோனி ரோலின்ஸ் பிளஸ் 4 – சோனி ரோலின்சுடன் (1956)