கோட்டோபாக்ஸியின் வாயருகே ஓர் இரவு

சென்ற வாரம் ஆல்ப்ஸின் மாட்டர்ஹார்ன் சிகரத்தில், அறுந்த கயிற்றோடு நிறுத்தியிருந்தேன். 1865 ஜூலை 14 அன்று உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும்போது நான்கு பேர் பாதாளத்தில் விழுந்தார்கள். உயிரோடு ஊர் திரும்பியவர்கள் மூவர். அவர்களில் ஒருவர் லண்டன் மரச்செதுக்கு ஓவியர் எட்வர்ட் விம்பர். அப்போது அவருக்கு 25 வயது. அதே நாளில் இத்தாலியப் பக்கமாக ஏறிக்கொண்டிருந்த மலை வழிகாட்டி ழான் அந்துவான் கரெல், தனக்கு முன்பே உச்சியில் ஆட்கள் நிற்பதைக் கண்டு மனம் நொந்து திரும்பிப் போனார். மூன்றே நாளில் மறுபடி வந்து, தன் பக்கத்து வழியாகவே ஏறி முடித்தார்.

போட்டியாளர்களாக இருந்த இந்த இருவரும் 1879 கடைசியில் ஒன்றாக ஈக்வடாரில் போய் இறங்கினார்கள். ஆண்டிஸ் மலைகளுக்கு வழித்துணையாக விம்பர் தேர்ந்தெடுத்தது கரெலைத்தான். கரெலோடு அவருடைய உறவினர் லூயி கரெலும் வந்தார். இந்தத் தொடருக்காகப் படித்தவற்றுள் என்னை மிகவும் நெகிழச் செய்தது இதுதான். தன்னை முந்திவிட்டவனோடு ஒரே கயிற்றில் தன்னைப் பிணைத்துக்கொள்ள எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!

விம்பர் தேடிப் போனது புதிய சிகரங்களை மட்டுமல்ல. உயரத்தில் மனிதனுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது, தலை ஏன் வெடிப்பதுபோல் வலிக்கிறது, அங்கேயே தங்கினால் உடம்பு பழகிக்கொள்ளுமா என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. காற்றழுத்தம் குறையும்போது உடம்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவதே காரணம் என்று பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878-ல்தான் எழுதியிருந்தார். அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் அழுத்தத்தைக் குறைக்கும் கூண்டுகளுக்குள். விம்பர் அதை மலை மேலேயே சோதிக்க நினைத்தார்.

முதல் பாடம் சிம்போராசோ மலையில் கிடைத்தது. சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் போட்ட முகாமில் விம்பரும் இரண்டு கரெல்களும் காய்ச்சலும் தலைவலியுமாகச் சுருண்டு விழுந்தார்கள். வாயைத் திறந்து காற்றை அள்ளி அள்ளிக் குடித்தும் போதவில்லை. அவர்களோடு வந்த பெர்ரிங் என்ற ஆங்கிலேயர் அப்படியொன்றும் வலுவான உடல்வாகு கொண்டவர் அல்ல. அவருக்கோ எதுவும் ஆகவில்லை! சில நாளில் மற்றவர்களும் தேறினார்கள். 1880 ஜனவரி 4 அன்று சிம்போராசோவின் உச்சியில் முதன்முதலாக மனிதக் கால் பட்டது.

ஆனாலும் உச்சியில் நின்றது சிறிது நேரம்தான். ஓர் இரவு முழுக்க அந்த உயரத்தில் தங்கினால் என்ன ஆகும்? அதைச் சோதிக்க விம்பர் தேர்ந்தெடுத்த இடம், உயிருள்ள எரிமலையான கோட்டோபாக்ஸி.

தலைநகர் கீட்டோவுக்குத் தெற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில், 5,897 மீட்டர் உயரத்தில், கவிழ்த்து வைத்த கூம்புபோல் நிற்கிறது அந்த மலை. வெளியே பனியாறுகள், உள்ளே நெருப்பு. இந்தச் சேர்க்கைதான் அடிவாரத்து மக்களுக்கு எமன். 1877 ஜூன் 26 அன்று அதன் வாயிலிருந்து தீப்பிழம்பும் சாம்பலும், பொங்கும் பானையிலிருந்து நுரை வழிவதைப்போல நாலாபுறமும் வழிந்தன. அந்தச் சூட்டில் பனி உருகி, சாம்பலையும் பாறைகளையும் வாரிக்கொண்டு சேற்றுவெள்ளமாகக் கீழே பாய்ந்தது. லடாகுங்கா நகரத்தை அது மூழ்கடித்தது. வடக்கே திரும்பிய வெள்ளம் 18 மணி நேரத்தில் எஸ்மரால்டாஸ் அருகே பசிபிக் கடலையே எட்டியது. இன்றும் அந்த வெள்ளம் வரக்கூடிய பாதைகளில் சுமார் 3 லட்சம் பேர் வாழ்கிறார்கள். 2015 ஆகஸ்டில் மலை மறுபடி சாம்பலைக் கக்கியபோது, மலையேறிகளுக்கு வழி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டே கிடந்தது.

1802-ல் ஜெர்மானிய இயற்கை அறிஞர் ஹம்போல்ட் இந்த மலையில் ஏறிப் பார்த்து, பாதியிலேயே திரும்பினார். எரிமலை வாய்வரை போவது நடக்காத காரியம் என்றார். அவ்வளவு பெரிய அறிஞர் சொன்ன பிறகு யாருக்குத் துணிவு வரும்? எழுபது ஆண்டுகள் கழித்து, 1872 நவம்பர் 28 அன்று, ஜெர்மானிய நிலவியல் அறிஞர் வில்ஹெல்ம் ரைஸும் அவரோடு சென்ற கொலம்பியாக்காரர் ஆன்ஹெல் எஸ்கோபாரும் உச்சியை அடைந்தார்கள். அதற்கு வழி போட்டுக் கொடுத்தது அந்த எரிமலைதான். முன்பு வழிந்து இறுகியிருந்த எரிமலைக் குழம்பின் மேல் பனி நிற்கவில்லை. வெண்பனிக்கு நடுவே கறுப்பாக நீண்டு கிடந்த அந்தப் பாதையைப் பிடித்து அவர்கள் ஏறினார்கள். ஏறியவர்கள் பட்டியலில் பல இடங்களில் ரைஸ் பெயர் மட்டும் நிற்கிறது. எஸ்கோபார் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விம்பர் குழுவினர் ஏறியது 1880 பிப்ரவரி 18-ல். உச்சிக்குச் சற்றுக் கீழே, சாம்பல் சரிவில் கூடாரம் அடித்தார்கள். சாம்பலில் முளை நிற்காது. ஆகவே கயிறுகளைப் பாறைத் துண்டுகளில் கட்டி, அவற்றைச் சாம்பலுக்குள் புதைத்தார்கள். ஏறக்குறைய அரை மணிக்கு ஒரு தரம் மலையின் வயிற்றிலிருந்து நீராவி சீறி எழுந்து, வாயின் விளிம்பைத் தாண்டி வழிந்து வந்து அவர்களை மூடியது. எங்கும் கந்தக நெடி.

இருட்டிய பிறகு கூடாரத்துக்குள் வேறொரு நாற்றம். ரப்பர் கருகும் வாடை! விம்பர் தரையில் கை வைத்துப் பார்த்தார். கூடாரத்தின் ரப்பர் விரிப்பு உருகும் நிலையில் இருந்தது. வெப்பமானியை வைத்தபோது ஓர் ஓரத்தில் 43 டிகிரி செல்சியஸ், நடுவில் 22, மறு ஓரத்தில் 10. வெளியிலோ, அன்றிரவு பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரிவரை குளிர் இறங்கியது. ஒரே விரிப்பில் ஒரு பக்கம் கோடைகாலத் திண்ணை, மறு பக்கம் மார்கழி. வேறு யாராக இருந்தாலும் அந்தக் கணமே கூடாரத்தைச் சுருட்டியிருப்பார்கள். விம்பர் அளவுகளைக் குறித்துக்கொண்டு தங்கிவிட்டார்.

அதோடும் நிற்கவில்லை. நள்ளிரவு இருட்டில் கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து விளிம்புக்குப் போய், உள்ளே எட்டிப் பார்த்தார். வடக்கு தெற்காக 700 மீட்டர், கிழக்கு மேற்காக 500 மீட்டர் அகலமுள்ள பள்ளம் அது. ஆழம் 350 மீட்டருக்கு மேல் என்று கணித்தார். பாறை வெடிப்புகள் ஆங்காங்கே கனன்றன. அடியில் வட்டமாக ஒரு செந்தணல் எரிந்தது. அதுதான் மலையின் குழாய் வாய்.

மொத்தம் 26 மணி நேரம் அங்கே இருந்தார்கள். சிம்போராசோவில் அவர்களைப் படுக்க வைத்த நோய் இந்த முறை அப்படித் தாக்கவில்லை. உடம்பு ஓரளவு பழகிக்கொள்கிறது என்பதற்கு விம்பருக்குச் சான்று கிடைத்தது. இன்று இமயமலைக்குப் போகிறவர்கள் நாள் கணக்கில் முகாமில் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு ஏறுகிறார்களே, அந்த அறிவு தட்டுத் தடுமாறி வளர்ந்த காலம் அது.

நாலரை மாதம் போனது. 1880 ஜூலை 3, விடியற்காலை. விம்பரும் கரெல்களும் ஈக்வடார்க்காரர்களான டேவிட் பெல்ட்ரான், பிரான்சிஸ்கோ கம்பானா இருவரும் சிம்போராசோவில் இரண்டாம் முறையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். வானம் துல்லியமாக இருந்தது. ஆறு மணி ஆகுமுன் சுமார் 100 கி.மீ.க்கு அப்பால், கோட்டோபாக்ஸியின் உச்சியிலிருந்து மைக் கறுப்பில் ஒரு தூண் எழுந்தது. ஒரு நிமிடத்துக்குள் 6,000 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. அங்கே வீசிய காற்றில் மேற்கே கடலை நோக்கிச் சாய்ந்து, பிறகு வேறொரு காற்றில் சிக்கி அவர்கள் பக்கமே திரும்பியது. சாம்பல் திரைக்குப் பின்னால் போன சூரியன் வானத்தைப் பச்சையாகவும் செம்பு நிறமாகவும் மாற்றிக் காட்டியது.

பிப்ரவரியில் அவர்கள் படுத்திருந்த விரிப்புக்குச் சற்று மேலே இருந்த அதே வாய்தான் அது.

பிற்பகலில் அவர்கள் சிம்போராசோவின் உச்சியை அடைந்த நேரத்தில் சாம்பலும் வந்து சேர்ந்தது. மாவைவிட மென்மையான துகள். கண்ணிலும் காதிலும் வாயிலும் புகுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெண்பனி மங்கி, உழுத வயலின் நிறத்துக்கு வந்தது. பாதரசக் காற்றழுத்தமானியைப் பொருத்தி அளவெடுத்துக்கொண்டிருந்தவர்கள், விழுந்த சாம்பலில் கொஞ்சத்தை லண்டனுக்குக் கொண்டுபோகச் சேகரித்துக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கினார்கள்.

(தொடரும்)