மூலம் என்று எதைச் சொல்வது

பழைய காரைப் புதுப்பிக்க முற்படுகிறவன், ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஒரு விமர்சனத் தீர்ப்பை வழங்கிவிடுகிறான். அந்தக் காருக்கு நேர்ந்தவற்றில் எது அதற்கு உரியது, எது அதன்மேல் ஏறிய அழுக்கு என்கிற தீர்ப்பு அது. பழைய பிரதியைப் பதிப்பிக்கிறவனும் பாழடைந்த கட்டடத்தைச் செப்பனிடுகிறவனும் செய்கிற காரியம்தான். அமெரிக்காவில் 'மஸில் கார்' என்று அழைக்கப்படும் வண்டிகளின் விஷயத்தில் இந்தத் தீர்ப்பு விசேஷமான சிக்கலுக்கு உள்ளாகிறது. அந்தச் சிக்கலின் சரித்திரத்தை இங்கே சொல்லப்பார்க்கிறேன். இவ்வண்டிகளில் ஒன்றையும் நான் ஓட்டியதில்லை. பார்த்ததெல்லாம் படங்களில், அறிந்ததெல்லாம் படிப்பில். ஆனால் மூலம், பாடபேதம், திருத்தம் என்றெல்லாம் யோசிக்கிறவர்களுக்கு இரும்பு சில சமயம் ஏட்டைவிடத் தெளிவான உதாரணமாக அமைகிறது என்று எனக்குப் படுகிறது.

மஸில் கார் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளலாம். குடும்பங்களுக்கென்று செய்த நடுத்தர அளவுக் காரில், பெரிய காருக்கென்று செய்த என்ஜினைப் பொருத்தினால் கிடைப்பது அது. மற்ற உறுப்புகள் பெரும்பாலும் பழையபடியே இருக்கும். 1964இலிருந்து ஏறக்குறைய 1972 வரைதான் இந்த இனத்தின் நல்ல காலம். ஆனால் இதன் பின்னாலிருக்கிற எண்ணம் பழையது. தென் கலிபோர்னியாவில், மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில், 1930களில் பையன்கள் பழைய கார்களை முடுக்கி ஓட்டிப் போட்டியிட்டார்கள். ஃபோர்டு கம்பெனி 1932இல் வெளியிட்ட வி-8 என்ஜின் 221 கன அங்குலம் கொண்டது. 65 குதிரைசக்தி கொடுத்தது. பையன்களுக்கு அது போதவில்லை. மட்கார்டுகளைக் கழற்றி எறிந்தார்கள். சிலிண்டர் ஹெட்டைச் சீவினார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டை வைத்தார்கள். பின்னால் 'ஹாட் ராட்' என்று பெயர் பெற்ற வண்டி இது. 1937இல் இவர்களுக்குச் சங்கம் ஏற்பட்டது. 1948இல் ஒரு பத்திரிகையும். கடையில் வாங்கிய பொருளை முடிந்துபோன பொருளாக ஏற்க மறுத்த மனோபாவம் என்று இதைச் சொல்லலாம். ஃபோர்டு கம்பெனி கொடுத்த கார் இவர்களுக்குத் திருத்தவேண்டிய ப்ரூஃப்.

இந்த மனோபாவத்தைத் தொழிற்சாலை தனதாக்கிக்கொண்டபோதுதான் மஸில் கார் பிறந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1963 ஜனவரியில் தன் பிரிவுகளெல்லாம் பந்தயத்திலிருந்து விலகவேண்டும் என்று உத்தரவிட்டது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜின் கூடாது என்று ஒரு விதியும் அங்கே இருந்தது. பாண்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளரான ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும், பெரிய காரின் 389 கன அங்குல என்ஜின் டெம்பெஸ்ட் காருக்குள்ளும் சிரமமில்லாமல் உட்காரும் என்று கண்டார்கள். விதி புது மாடல்களைத்தான் கட்டுப்படுத்தியது. வாங்குகிறவர் விரும்பிக் கேட்கும் கூடுதல் பொருத்தங்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆகவே 1964 டெம்பெஸ்ட் லெமான்ஸில், சுமார் 295 டாலர் விலையுள்ள ஒரு கூடுதல் பொருத்தமாக ஜி.டி.ஓ. வந்து சேர்ந்தது. காரியாலயங்களில் காலம் தள்ளுகிறவர்களுக்கு இந்தத் தந்திரம் நன்றாகவே விளங்கும். பெயரும் சொந்தமில்லை, ஃபெராரியிடமிருந்து எடுத்தது. ஐயாயிரம் விற்றால் போதும் என்றிருந்தார்கள்; முதல் வருஷத்திலேயே 32,450 விற்றது.

அந்த விற்பனைக்குப் பத்திரிகைகளின் பாராட்டும் காரணம். 1964இல் ஒரு பிரபல மோட்டார்ப் பத்திரிகை ஜி.டி.ஓ.வை ஓட்டிப் பார்த்து வியந்து எழுதியது. ஓட்டிய காரில் இருந்தது 389 அல்ல, இன்னும் பெரிய 421 என்ஜின் என்று விளம்பரத்துக்குப் பொறுப்பாயிருந்த ஜிம் வேங்கர்ஸ் பல வருஷங்கள் கழித்து ஒப்புக்கொண்டார். ஆக, இந்த இனத்துக்குப் புகழைத் தேடித்தந்த மூல ஆவணத்திலேயே ஓர் இடைச்செருகல்.

மற்ற உதாரணங்களும் இப்படித்தான். பென்சில்வேனியாவில் கேனன்ஸ்பர்க் என்கிற ஊரில் டான் யென்கோ என்ற செவ்ரோலே வியாபாரி இருந்தார். 1967இல் தொழிற்சாலையிலிருந்து வந்த கமாரோ கார்களின் என்ஜினைக் கழற்றிவிட்டு, 427 கன அங்குல என்ஜினை மாட்டி விற்றார். 1969இல் கம்பெனியே தன் விதிக்கு விலக்காக, மத்தியக் காரியாலயத்தின் தனி உத்தரவு என்கிற வழியில், 427ஐப் பொருத்தியே அனுப்பத் தொடங்கியது. அதே வழியில், என்ஜின் பிளாக்கும் அலுமினியத்தில் வார்த்த இசட்.எல்.-1 ரகக் கமாரோ 69 மட்டும் வெளிவந்தன. இப்போது 1967 யென்கோ காரை மூல நிலைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் என்ன செய்வது? தொழிற்சாலை வைத்த என்ஜினைத் தேடிப் பொருத்தினால் அது யென்கோ காராக இருக்காது. பல்லாயிரம் கமாரோக்களில் ஒன்றாகிவிடும். அந்தக் காரில் மூலம் என்பதே திருத்தம்தான்.

இந்தக் காலம் சீக்கிரமே முடிந்துவிட்டது. இன்ஷூரன்ஸ் கட்டணம் இளைஞனின் சம்பளத்தைத் தின்றது. 1970 டிசம்பரில் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஈயமில்லாத பெட்ரோலுக்குத் தயாராக ஜெனரல் மோட்டார்ஸ் 1971 மாடல்களில் என்ஜின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. 1972இல் குதிரைசக்தியைக் கணக்கிடும் முறை மாறியதும் காகிதத்தில் இருந்த பெரிய எண்களும் சுருங்கின. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது மஸில் கார் ஏற்கெனவே படுத்த படுக்கையாகிவிட்டிருந்தது. அப்புறம் அவை சல்லிசான பழைய கார்கள். கைமாறி வாங்கிய பையன்கள் பழைய ஹாட் ராட் தர்மப்படியே நடந்தார்கள்: வெடித்த என்ஜினைக் காயலாங்கடைக்கு அனுப்பிவிட்டு வேறொன்றை மாட்டினார்கள், பின் சக்கரத்துக்கு அகலமான டயர் போட்டார்கள், பிடித்த வர்ணம் அடித்தார்கள். இன்று சந்தையில் 'கெடுக்கப்பட்ட கார்கள்' என்று சொல்லப்படுகிறவை பெரும்பாலும் இவைதான். உண்மையில், எதற்காகச் செய்யப்பட்டனவோ அதற்காகவே பயன்பட்ட கார்கள் அவை.

1980களின் பிற்பகுதியில் விலை ஏறத் தொடங்கியதும் புனருத்தாரணம் ஒரு மதமாகிவிட்டது. அதன் மந்திரம், எண்கள் பொருந்துவது. காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதி என்ஜின் பிளாக்கிலும் கியர் பெட்டியிலும் குத்தப்பட்டிருக்கும். மூன்றும் ஒத்துப்போனால் ஒரு விலை. ஒத்துப்போகாவிட்டால் வேறு விலை. வங்கியில் கையெழுத்தை ஒத்துப்பார்த்துப் பணம் கொடுக்கிற எனக்கு, எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு வந்துவிட்டால் அடுத்தபடி என்ன நடக்கும் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. வேறொரு பிளாக்கின் எண்ணைச் சீவிவிட்டு வேண்டிய எண்ணைக் குத்துகிறார்கள். அதைக் கண்டுபிடிக்க, தொழிற்சாலை இயந்திரம் இழைத்தபோது உலோகத்தில் விழுந்த மெல்லிய கோடுகளைப் பூதக்கண்ணாடியால் பார்க்கிற நிபுணர்களும் தோன்றியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் பக்தியின் உச்சம். தொழிற்சாலையில் பரிசோதகர் சாக்குக்கட்டியால் போட்ட கிறுக்கல்களையும், அவசரத்தில் தெறித்த பெயிண்டையும் புகைப்படம் பார்த்து அப்படியே திரும்பப் போடுகிறார்கள். அலட்சியத்தை இவ்வளவு சிரத்தையோடு நகலெடுத்த காலம் வேறு இருக்க முடியாது. துருப்பிடித்த தகட்டுக்குப் பதில் புதுத் தகடு. அதுவும் போதாதென்றால் 1969 கமாரோவின் முழு உடலையே தைவானில் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

இந்த விவாதம் ஐரோப்பாவில் கட்டடங்களை முன்னிட்டு நடந்துமுடிந்த ஒன்று. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரான வியோலே-லெ-டியூக், புனருத்தாரணம் என்பது ஒரு கட்டடத்தை, அது எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு பூரண நிலைக்கும்கூடக் கொண்டுசெல்வது என்று துணிந்து வரையறுத்தார். ரஸ்கின் அதற்கு முன்பே, 1849இல், புனருத்தாரணம் அழிவேதான் என்று வாதாடியிருந்தார். 1877இல் வில்லியம் மோரிஸ் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிறவர்களிடமிருந்து காப்பாற்றவே ஒரு சங்கம் வைத்தார். கார்ப் பக்தர்கள் வியோலே-லெ-டியூக்கின் காரியத்தைச் செய்துகொண்டு ரஸ்கினின் பாஷையில் பேசுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளோடு காரின் வாழ்க்கை முடிந்துவிட்டதென்று பாவித்து, அதற்கப்புறம் அதில் ஏறிய அத்தனை வருஷங்களையும் மணல் பீச்சிச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள்.

எதிர்க்கட்சியும் உண்டு. வெளித்தோற்றத்தைப் பழையபடி வைத்துக்கொண்டு உள்ளே இக்காலத்து என்ஜின், ஐந்து ஆறு வேக கியர் பெட்டி, டிஸ்க் பிரேக், புது சஸ்பென்ஷன் எல்லாம் வைக்கிறவர்கள். இவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. 1964 ஜி.டி.ஓ.வின் நான்கு சக்கரங்களிலும் ஒன்பதரை அங்குல டிரம் பிரேக்தான். அந்த என்ஜினுக்கு அது சற்றும் போதாது. முன்சக்கர டிஸ்க் பிரேக் 1967இல்தான் கேட்டால் கிடைக்கிற பொருத்தமாக வந்தது. ஹாட் ராட் பையனின் உண்மையான வாரிசு நாங்கள்தான் என்கிறார்கள் இவர்கள். எனக்கு இதில் பாதி சம்மதம்தான். மியூராக் பையன் கிடைத்ததைக் கொண்டு, என்ஜினைப் புரிந்துகொண்டு திருத்தினான். இன்றைய திருத்தக்காரர் கேட்லாக்கில் எண் குறித்து, பெட்டியில் வந்திறங்கும் என்ஜினை வாங்குகிறார். கமாரோவானாலும் செவெல் ஆனாலும் உள்ளே ஒரே என்ஜின். தழுவி எழுதுவது என்றால், எதைத் தழுவுகிறோம் என்பதைப் படித்திருக்கவேண்டும்.

படிக்காமல் திருத்துவதன் ஆபத்துக்கு ஓர் உதாரணம். பீட்டர் யேட்ஸ் இயக்கி 1968இல் வெளிவந்த 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மக்குவீன் ஓட்டிய பச்சை மஸ்டாங்கைப் பலர் பார்த்திருக்கலாம். படத்துக்காக ஒரே மாதிரி இரண்டு மஸ்டாங் கார்கள் எடுத்தார்கள். மாக்ஸ் பால்ச்சவ்ஸ்கி என்ற பந்தயக்கார் மெக்கானிக் சஸ்பென்ஷனைப் பலப்படுத்தினார், கிரில்லிலிருந்த குதிரைச் சின்னத்தை எடுத்துவிட்டார்கள், சக்கரங்களை மாற்றினார்கள், காமிரா மாட்ட அடியில் இரும்பைப் பற்றவைத்தார்கள். நெருக்கக் காட்சிகளுக்கான கார் 1974இல் நியூஜெர்சியில் ஒரு குடும்பத்திடம் 6,000 டாலருக்கு வந்தது. வீட்டுக் காரியங்களுக்கு அதை ஓட்டினார்கள். 1977இல் மக்குவீனே கடிதம் எழுதிக் கேட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. பின்னால் பல வருஷங்கள் ஓடாமல் கிடந்து, 2018இல் வெளியே வந்தபோது பெயிண்ட் தேய்ந்தும் நசுங்கல்களோடும்தான் இருந்தது. ஓடும்படி செய்தார்களே தவிர உடம்பைத் தொடவில்லை. 2020 ஜனவரியில் ஏலத்தில் கமிஷன் உட்பட 37.4 லட்சம் டாலருக்குப் போயிற்று.

தாவல்களுக்குப் பயன்பட்ட இரண்டாவது கார் காயலாங்கடைக்குப் போனதென்று எல்லோரும் நம்பினார்கள். 2017இல் மெக்ஸிகோவில் பாஹா கலிபோர்னியாவில் வெள்ளை அடித்த வெறுங்கூடாக அது அகப்பட்டது. வாங்கியவர்கள் அதை 2000இல் வந்த வேறொரு படத்தின் மஸ்டாங்கைப்போல மாற்றத் திட்டமிட்டிருந்தார்கள். காரின் எண்ணும், படத்துக்காகச் செய்திருந்த பலப்படுத்தல்களும்தான் அதைக் காட்டிக்கொடுத்தன. திட்டப்படி நடந்திருந்தால் ஒரு படத்தின் நகலை உண்டாக்க இன்னொரு படத்தின் மூலம் அழிந்திருக்கும். எண்பக்தர் ஒருவர் கையில் கிடைத்து, ஃபோர்டு கம்பெனி அனுப்பிய நிலைக்கே அதைக் கொண்டுவந்திருந்தாலும், வெல்டிங் தழும்புகளைச் சுரண்டியெடுத்து, அதே அழிவைத்தான் வேறு வழியில் செய்திருப்பார். இரண்டு கட்சிக்கும் பொதுவான குற்றம், கையில் இருப்பதைப் படித்துப் பார்க்காமல் ஏற்கெனவே மனத்திலிருக்கிற பிரதியை அதன்மேல் எழுதுவது.

திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மியூஸியத்தில் நிறுத்திய கார் மஸில் காராகாது. அது ஓடத்தான் வேண்டும், ஓடினால் தேயும், தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். வங்கி லெட்ஜரில் எண்ணைத் திருத்தவேண்டி வந்தால் சுரண்டக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. பழைய எண் படிக்கும்படியாக ஒரே கோடு போட்டு அடித்து, மேலே புது எண்ணை எழுதிச் சுருக்கொப்பம் இடவேண்டும். யார் திருத்தினார், முன்பு என்ன இருந்தது என்பது பின்னால் வருகிறவனுக்குத் தெரியவேண்டும் என்பதுதான் அந்த விதியின் ஆத்மா. பதிப்பாசிரியனிடமும் மெக்கானிக்கிடமும் இதற்கு மேல் கேட்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிச் செய்கிறவர்களும் அமெரிக்காவில் இருக்கத்தான் செய்கிறார்கள். புது என்ஜினை மாட்டி வண்டியை ஓட்டிக்கொண்டே, எண் குத்திய பழைய பிளாக்கை எண்ணெய் தடவிச் சுற்றி, கராஜின் மூலையில் ஒரு ஸ்டாண்டின்மேல் ஏற்றிவைத்திருக்கிறார்கள். புதிதாக எங்கும் துளை போடாமல், பழைய துளைகளிலேயே புது உறுப்புகளைப் பொருத்துகிறார்கள். கழற்றியதைப் பெயர் எழுதிப் பெட்டியில் வைக்கிறார்கள். கார் கைமாறும்போது அந்தப் பெட்டியும் கூடவே போகிறது.